மூன்றாவது மாடியில் இருக்கும் கால்

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு, உங்கள் சம்பந்தி வாயால் சொல்ல, அவர் மருமகள் கையால் எழுதுவது.

இங்கே என் முதுகைத் தவிர அனைவரும் சுகம். அங்கே உங்கள் காலைத் தவிர அனைவரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டுக்கு வாழ வந்த என் மகள் உங்களிடம் மரியாதையாக நடந்துகொள்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் என்னிடம் காட்டாமல் மிச்சம் பிடித்த மரியாதை எல்லாம் எங்கேயாவது செலவாகித்தானே தீர வேண்டும். மாப்பிள்ளை வேளைக்குச் சாப்பிடுகிறார் என்றும், பேத்தி புதுப் பல்லை வைத்து வீட்டில் ஒருவர் விடாமல் கடித்துப் பார்க்கிறாள் என்றும் கேள்விப்பட்டேன். மிக்க மகிழ்ச்சி.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் டாக்டர் என்ற பேச்சை எடுத்தால் போதும், உங்களுக்குக் காது அடைத்துவிடுகிறது. "ஹலோ, ஹலோ, விட்டு விட்டுக் கேக்குது சம்பந்தி" என்கிறீர்கள். பேத்தி பக்கத்து வீட்டுப் பாட்டு வாத்தியாரைக் கடித்த கதையைச் சொன்னால் மட்டும் மணி அடித்த மாதிரித் தெளிவாகக் கேட்கிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வெட்ட முடியாது பாருங்கள். எனக்கும் எழுதத் தெரியாது, உங்களுக்கும் படிக்கத் தெரியாது, ஆனால் நடுவில் இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். இங்கே மருமகள் எழுதுவாள், அங்கே மகள் படிப்பாள், நாம் இரண்டு பேரும் வாயும் காதுமாக இருந்தால் போதும். மருமகள் நல்ல தமிழில்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறாள் என்று பார்ப்போம்.

விஷயத்துக்கு வருகிறேன். எலும்பு டாக்டரிடம் போய்விட்டு வந்தேன். உயிரோடுதான் இருக்கிறேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "நீங்க முதல்ல போய்ப் பாருங்க சம்பந்தி, முழுசாத் திரும்பி வந்தீங்கன்னா நானும் யோசிக்கிறேன்" என்று சொன்னது நீங்கள்தான். பேத்தியின் பிறந்தநாளன்று, உங்கள் வீட்டு மாடிப்படி முடிகிற இடத்தில், கையில் காலி டம்ளரோடு, ஒரு செருப்பு காலிலும் இன்னொரு செருப்பு நாலு படிக்குக் கீழேயுமாக நின்றுகொண்டு சொன்னீர்கள். "செருப்பு அங்க கிடக்கே" என்று நான் கேட்டதற்கு, "அட, கழண்டதே தெரியல" என்று சிரித்தீர்கள். நான் எதையும் மறக்கிறவன் இல்லை. முழுசாகப் போனேன், முழுசாக வந்தேன். ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு சின்ன எலும்பைக்கூட அவர் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உள்ளே நுழைந்ததும் பெரிய கூடம். முதுகு வலிக்காரர்களும் மூட்டு வலிக்காரர்களும் தவிர வேறு யாரும் வராத இடம் அது. அங்கே யாரோ ஒரு புண்ணியவான், உட்கார்ந்தால் ஆளை உள்ளே இழுத்துக்கொள்கிற சோபாவாகப் பார்த்து வாங்கிப் போட்டிருக்கிறார். ஆயுசு முழுக்க மரச்சாமான் கடையில் பீரோவும் சோபாவும் தூக்கிய நமக்குத் தெரியாதா, பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, இது உட்காருவதற்கு மட்டும் செய்தது, எழுந்திருப்பதற்கு இல்லை என்று. நான் நின்றே இருந்தேன். நர்ஸம்மா வந்து ஒருவரைக் கூப்பிடுவார். அவர் "இதோ வந்துட்டேன்" என்று சோபாவுக்குள்ளே இருந்து குரல் மட்டும் கொடுப்பார். பக்கத்தில் இருப்பவர் கை கொடுத்துத் தூக்குவார். தூக்கியவருக்குத் தோள் பிடித்துக்கொள்ளும். அவருக்கு நீவிவிடக் குனிந்தவர் நிமிர மாட்டார். ஒரு ஆளை உள்ளே அனுப்புவதற்குள் வெளியே இரண்டு பேருக்கு வலி கூடிவிடுகிறது. தொழில் விருத்தியாக நடக்கிற இடம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சும்மா நிற்க எனக்கு முடியுமா. ஒவ்வொருவரிடமும் போய், உங்களுக்கு எப்படி, குத்துதா குடையுதா என்று விசாரித்தேன். ஒரு தையல்காரம்மாவுக்குக் கழுத்தில் குத்தல். ஒரு பஸ் டிரைவருக்கு இடுப்பில் குடைச்சல், அது கியர் மாற்றும்போது மட்டும் சுண்டி இழுக்குமாம். "வீட்டுல உக்காந்திருக்கும்போது இழுக்காதா?" என்று கேட்டேன். "வீட்டுல என் சம்சாரம்தான் கியர் போடுவா, எனக்கு வலிக்காது" என்றார். ஒரு கணக்கு வாத்தியாருக்கு எரிச்சல், ஆனால் அது முதுகிலா மனசிலா என்று சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார். எனக்கு ஒரே ஆச்சரியம். எல்லாருக்கும் இருப்பது ஒரே மாதிரி எலும்பு, ஆனால் வலி மட்டும் ஆளுக்கு ஒரு பாஷை பேசுகிறது. நர்ஸம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தா, நீங்க வைத்தியம் பாக்க வந்தீங்களா, பண்ண வந்தீங்களா?" என்று கேட்டு, என்னைச் சீக்கிரமே உள்ளே தள்ளிவிட்டார். வரிசையில் முந்துவதற்கு இது ஒரு நல்ல வழி.

டாக்டர் அறையில் முதலில் என் கண்ணில் பட்டது டாக்டர் இல்லை. மூலையில் ஒரு எலும்புக்கூடு நின்றிருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். முதுகெலும்பு எவ்வளவு நேர்த்தியாக, ஒன்றின் மேல் ஒன்றாக, நம்ம கடை மூலையில் ஸ்டூல் அடுக்கி வைப்போமே, அந்த மாதிரி. "டாக்டர், இவர் என்ன வேலை பார்த்தவர்?" என்று கேட்டேன். "ஐயா, அது பிளாஸ்டிக்" என்றார். "அதான் தேய்மானமே இல்ல" என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். சின்ன வயசுக்காரர், கண்ணாடி போட்டவர், அவசரப்படாதவர். ஆனால் ஒன்று, அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் முதுகு படுவதே இல்லை, முன்னால் வளைந்து வளைந்தே எழுதுகிறார். எலும்பு டாக்டர் இப்படி உட்காரலாமா என்று கேட்க நினைத்தேன். முதல் நாளே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"எப்ப இருந்து வலிக்குது?" என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன், "நீதிபதி வீட்டு மூணு கதவு பீரோவுல இருந்து" என்று. அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். மழை நாள், மாடிப்படி வலது பக்கம் திரும்புகிற வீடு, கைப்பிடிச் சுவரில் பச்சை பெயிண்ட் காயவில்லை, சுவரில் பீரோ படக்கூடாது என்று நீதிபதி மேலே நின்று சொல்கிறார், பீரோவுக்குள்ளே இருக்கிற துணியை எடுக்க மாட்டேன் என்று அந்தம்மா கீழே நின்று சொல்கிறார்கள், நடுவில் நாம், திருப்பத்தில் என் இடுப்பில் "டொக்" என்று ஒரு சத்தம், நீங்கள்கூடக் கீழே இருந்து "பீரோவா, நீயா?" என்று கேட்டீர்கள். இவ்வளவும் சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துக்கொண்டு, "ரெண்டு வாரமா, ரெண்டு மாசமா, அதை மட்டும் சொல்லுங்க ஐயா" என்றார். இடுப்பு நீதிபதி வீடு, தோள் சங்கீத டீச்சர் வீட்டு பியானோ, முழங்கால் பல் டாக்டருடைய சாய்வு நாற்காலி என்று ஒவ்வொரு வலிக்கும் விலாசம் சொன்னேன். "இந்த ஊர்ல உங்க உடம்பு தங்காத வீடே இல்லையா?" என்று கேட்டார். தபால்காரர் வீடு மட்டும் பாக்கி என்றேன். அவர்கள் வீட்டில் எல்லாமே சின்னச் சின்ன சாமான், ஒரு கையால் எடுத்து வைத்துவிட்டோம்.

இங்கேதான் கதை கொஞ்சம் கோணலாகப் போயிற்று. அதற்கு நம்ம தொழில் வழக்கம்தான் காரணம். மருமகள், "அது என்ன வழக்கம் மாமா?" என்று பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். உங்களுக்குத் தெரிந்ததுதான், அவளுக்காக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். பீரோவை மாடிக்கு ஏற்றும்போது மேல் ஆள் ஒருத்தன், கீழ் ஆள் ஒருத்தன். மேல் ஆள் பின்பக்கமாக ஏறுவான். கீழ் ஆள் மேல்தான் பாரம் முழுக்க இறங்கும், அவன் முகத்துக்கு முன்னால் மரப்பலகை தவிர ஒன்றும் தெரியாது, பேசுவதற்கு மூச்சும் இருக்காது. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து மேல் ஆள்தான் பேச வேண்டும். "கொஞ்சம் நில்லுங்கம்மா, எங்களுக்குத் தோள் மாத்தணும்", "எங்களுக்குத் தண்ணி வேணும்", "எங்களுக்குக் கால் வழுக்குது" என்று எல்லாம் எங்களுக்கு, எங்களுக்கு என்றுதான். நான் மேல் ஆள், நீங்கள் கீழ் ஆள். உங்கள் வாயால் நீங்கள் ஒரு வாடிக்கையாளரிடமும் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு நாக்கு அப்படியே பழகிப்போச்சு.

அதனால் டாக்டர், "வேற எங்கெல்லாம் வலி?" என்று கேட்டதும், நான் வழக்கப்படி இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். இடது தோளில் இழுப்பு, அது என்னுடையது. வலது தோளில் கடுப்பு, அது உங்களுடையது. படி ஏறினால் முழங்கால் வலிக்கும், அது நான். படி இறங்கினால் முழங்கால் வலிக்கும், அது நீங்கள். காலையில் எழுந்தால் பிடித்துக்கொள்கிறது, ராத்திரி படுத்தால் பிடித்துக்கொள்கிறது, குனிந்தால் வலி, நிமிர்ந்தால் வலி, உட்கார்ந்தால் சுகம், உட்கார்ந்தாலே வலி. டாக்டர் எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஐயா, நீங்க எந்த நேரத்துலதான் வலி இல்லாம சும்மா இருப்பீங்க?" என்று கேட்டார். நானும், நமக்குச் சேர்ந்தாற்போல் அப்படி ஒரு நேரம் உண்டா என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை.

என்னைக் கட்டிலில் படுக்க வைத்து ஒவ்வொரு வலியாகத் தேட ஆரம்பித்தார். வலது தோளைச் சுற்றினார், அது கதவுக் கீல் மாதிரி லேசாகச் சுற்றியது. வலது முழங்காலை மடக்கினார், மடங்கியது. "வலிக்குதா?" "இல்ல டாக்டர்." "இங்க?" "இல்ல." "நீங்க சொன்னதுல பாதி வலியைக் காணோமே ஐயா, எங்க வச்சீங்க?" என்றார். அங்கேயே எடுத்த என் முதுகு எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிக் காட்டினார். முதுகெலும்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது சம்பந்தி, பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்கிற ஆள் மாதிரி. எனக்கு உடனே ஒரு ஆசை வந்தது. உங்கள் படத்தையும் எடுத்துப் பக்கத்தில் மாட்டினால் உங்களுடையது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? மறுபக்கம் என்றுதான் நினைக்கிறேன். நம்ம இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தினால்தான் ஒரு நேரான ஆள் கிடைப்பான் போல.

தேடித் தேடி டாக்டர் கடைசியாகக் காலுக்கு வந்தார். ஏனென்றால் நான், "காலை விட்டுச் செருப்பு கழண்டு போறதே தெரியல, பாதம் மரத்துக் கிடக்கு, நடந்தா முன்பாதம் தரையில தட்டுது" என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தேன். அதோடு விட்டேனா, "அது ஒண்ணும் மோசம் இல்ல டாக்டர், அது வந்ததுல இருந்து இடுப்புல வலியே நின்னு போச்சு" என்று நல்ல செய்தியாகவே சொன்னேன். நீங்கள் போன மாதம் போனில் எனக்கு அப்படித்தானே சொன்னீர்கள், நானும் "ரொம்ப சந்தோஷம் சம்பந்தி" என்று வாழ்த்தினேனே. டாக்டர் என் கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இதை மேல தூக்குங்க" என்றார். தூக்கினேன், அவர் கையே மேலே வந்துவிட்டது. பாதத்தில் ஊசி முனையால் லேசாகத் தொட்டார், நான் துள்ளினேன். அவர் என்னை எழுப்பி உட்கார வைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஐயா, செருப்பு கழண்டு போறது தெரியாத கால் இது இல்ல."

"ஆமா டாக்டர், இது இல்ல."

"அப்ப அந்தக் கால் எங்க?"

"அது ஊருக்கு அந்தப் பக்கம், மூணாவது மாடியில இருக்கு."

"கால் மட்டுமா இருக்கு?"

"இல்ல டாக்டர், என் சம்பந்தியும் அதோட இருக்கார்."

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தச் சிரிப்பு கூடம் வரைக்கும் கேட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. எழுதியதை எல்லாம் தூர வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்க தோள், உங்க முழங்கால், அவர் தோள், அவர் முழங்கால், இதெல்லாம் இத்தனை வருஷமா முனகிக்கிட்டு இருக்கு, இன்னும் கொஞ்ச நாள் முனகட்டும், ஒண்ணும் ஆகாது. அந்தக் கால் முனகல பாருங்க, எனக்கு அதுதான் கவலை. வலி நின்னு போய் மரத்துப் போறது குணமாகுறது இல்ல ஐயா. நரம்பு நசுங்கி, சேதி சொல்றதை நிறுத்திடுச்சோன்னு பாக்கணும்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இடுப்பில் இருந்த வலி போனதற்கும் பாதம் மரத்ததற்கும் என்ன சம்பந்தம், இடுப்பு எங்கே இருக்கிறது, பாதம் எங்கே இருக்கிறது? கேட்டேன். நல்ல மனுஷன், அலுத்துக்கொள்ளவே இல்லை. அந்த பிளாஸ்டிக்காரரை இழுத்து வந்து, முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற இடுக்கைக் காட்டி, தன் கழுத்தில் தொங்கிய குழாயை அந்த இடுக்கு வழியாகக் கால் வரைக்கும் பிடித்துக் காட்டினார். காலுக்குப் போகிற நரம்பு இடுப்பில் இருந்துதான் கிளம்புகிறதாம். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறது, அது பிதுங்கி இந்த நரம்பை நெருக்கினால், நெருக்குகிற இடம் மேலே, மரத்துப் போகிற இடம் கீழே. எனக்கு அப்போதுதான் சுருக்கென்று உறைத்தது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் கயிறு மாட்டிக்கொண்டால் கீழே நிற்கிறவன் எவ்வளவு இழுத்தாலும் அசையாதே, அதுதான் இது. "அப்ப கத்தி வைப்பீங்களா?" என்று கேட்டேன், உங்கள் பயம் அதுதான் என்று எனக்குத் தெரியும். "பாக்காம சொன்னா நான் டாக்டரே இல்ல. மருந்தும் பயிற்சியுமா எழுந்து நடந்து போனவங்களும் இருக்காங்க, கத்தி வேண்டியிருந்தவங்களும் இருக்காங்க. எதுன்னு அந்தக் கால் இங்க வந்தாத்தான் தெரியும். ஆனா இப்படியே போட்டு வச்சா, அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் அந்தக் கால் கேக்காது" என்றார். தள்ளிப் போடாம ரெண்டு மூணு நாளுக்குள்ள கூட்டி வாங்க என்றும் சொன்னார்.

இன்னொரு கேள்வியும் கேட்டு வரச் சொன்னார். இந்த இடத்தில் மருமகள் பேனாவை வைத்துவிட்டு, "இதெல்லாம் நான் எழுத மாட்டேன் மாமா" என்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். டாக்டரே கேட்டது, உயிர் விஷயம் என்று சொல்லித்தான் திரும்பக் கூட்டி வந்தேன். அதாவது, ஒன்றுக்குப் போகும்போது உங்களுக்கு வழக்கம் போல உணர்ச்சி தெரிகிறதா, போக வேண்டும் என்று நினைக்கும்போது போக முடிகிறதா, அடக்க முடிகிறதா? உட்காருகிற இடம் மரத்திருக்கிறதா? இதில் ஏதாவது இருந்தால் விடிகிற வரைக்கும்கூடக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். பதிலை என் மகளிடம் சொல்ல வேண்டாம், மாப்பிள்ளை காதில் சொல்லுங்கள். மருமகள் இதைத் தலையைத் திருப்பிக்கொண்டே எழுதினாள், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

எனக்கு என்ன வைத்தியம் என்று கேட்பீர்கள். வெந்நீர் ஒத்தடம், தினம் நடை, பாரம் தூக்கக்கூடாது, கொஞ்சம் பயிற்சி. பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் இருக்கிறாள், நாலு காலில் நின்று பூனை மாதிரி முதுகை மேலே வளைக்கச் சொல்கிறாள். நேற்று எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்படி நின்றிருந்தபோது எதிர்வீட்டு இன்ஷூரன்ஸ்காரர் உள்ளே வந்தார், என்னைப் பார்த்தார், அப்படியே சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டார். பூனைக்கு முதுகு வலிக்குமா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன் தாத்தா என்றாள். இன்னும் யோசிக்கிறாள்.

சம்பந்தி, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கல்யாணத்தன்றைக்கு நம்ம வீட்டுப் பெண்கள் நம்ம இரண்டு பேரையும் நிறுத்தி வைத்து, இனிமேல் வாடா போடா கூடாது, வாங்க போங்க என்றுதான் பேச வேண்டும் என்று கண்டிஷன் போட்டார்கள். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் பந்தி முடிகிற வரைக்கும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசவே இல்லை, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல். அன்றையிலிருந்து நானும் மரியாதை தவறியதில்லை. ஆனா இப்ப சொல்றேன், டேய், உனக்கு என்னடா பயம்? பியானோ சரிஞ்சு உன் நெஞ்சு மேல வந்தப்ப நீ பயப்படல. சங்கீத டீச்சர் அலறுறாங்க, நீ உன் பாட்டுக்குப் பலகையைப் பிடிச்சுக்கிட்டு, "மெதுவா எடு, கறுப்புக் கட்டை ஒடஞ்சிடப் போவுது"ன்னு சொன்ன ஆளு. உன் வாயில இருந்து வேலை நேரத்துல வந்த நீளமான பேச்சே அதுதான், எனக்குச் சாகிற வரைக்கும் மறக்காது. அப்பேர்ப்பட்டவன் ஒரு கண்ணாடி போட்ட பையனைப் பாத்து ஒளியலாமா? உனக்கு வலி நின்னுடுச்சுன்னு நான் வாழ்த்தினேனே, அதை நினைச்சா எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல. அந்தப் பேத்தி இன்னும் ரெண்டு மாசத்துல ஓட ஆரம்பிச்சிடுவா. பின்னாடி ஓடி அவளைப் பிடிக்கிறதுக்கு உங்க வீட்டுல வேற யாருடா சும்மா இருக்காங்க? மருமகள் இதை எல்லாம் நல்ல தமிழில் மாற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், சொன்னபடியே இருக்கட்டும் என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதுகிறாள், சளியாக இருக்கும்.

மன்னிக்கவும். மறுபடியும் சம்பந்தி.

எப்படியும் கால் உங்களுடையது, முடிவும் உங்களுடையது. நான் வந்து கையைப் பிடித்து இழுக்கிறவன் இல்லை. வீட்டுக்காரர் சரி என்று சொல்லாமல் ஒரு ஸ்டூலைக்கூட நாம் தொட்டதில்லை, அது நம்ம தொழில் தர்மம், மனுஷர் விஷயத்திலும் அதுதான். இதை நாளைக்குத் தபாலில் சேர்க்கிறேன், கைக்குக் கிடைத்ததும் படிக்கச் சொல்லிக் கேட்டு, நிதானமாக யோசித்து, சௌகரியப்பட்டபோது பதில் போடச் சொல்லுங்கள். நானும் பாரம் தூக்காமல், படி ஏறாமல், டாக்டர் சொன்னபடி வீட்டோடு இருந்து உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் ஆசி, இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்காமல் நல்லா இருக்கட்டும். பேத்திக்கு முத்தம், கடிக்காத தூரத்தில் நின்று. உங்கள் முழங்கால், தோள், இடுப்பு, எல்லாவற்றுக்கும் நான் தனித்தனியாக விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் ஆளும் சம்பந்தியுமானவன்
(கைநாட்டு)

பின்குறிப்பு: தபால், யோசனை, சௌகரியம் என்று கடைசியில் எழுதியது எல்லாம் பொய், அதை விட்டுவிடவும். கடிதத்தைத் தபாலில் போடவில்லை. விடிந்ததும் மாப்பிள்ளையைக் கீழே வரச் சொல்லி அவர் கையில் மேலே கொடுத்தனுப்புகிறேன், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தி நிதானமாகப் படிக்கச் சொல்லி என் மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். நான் வருகிறேன் என்று முன்னாலேயே தெரிந்தால் கதவைத் தாழ் போட்டுக்கொள்வீர்கள். உங்களை ஒரு இடத்தில் உட்கார வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதனால்தான் சோபா, பூனை, இன்ஷூரன்ஸ்காரர் என்று வேண்டுமென்றே இழுத்தேன். என் முழங்காலை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு மூணு மாடி ஏற எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நீளக் கடிதம் வேண்டியிருந்தது. நேற்று மருமகளை உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டு, இங்கே எதிர்வீட்டு மாடியில் ஏறி இறங்கிச் சரிபார்த்தேன், முதல் தடவை கடிதத்தின் நீளம் குறைந்தது, அப்புறம்தான் பஸ் டிரைவரைச் சேர்த்தேன். டாக்டர் காத்திருக்கிறார். கீழே வண்டி நிற்கிறது. என் மகன் கைப்பிடி வைத்த நாற்காலியோடு எனக்குப் பின்னால் நிற்கிறான், அவனும் மாப்பிள்ளையும் தூக்குவார்கள், நான் தொட மாட்டேன், பேச மட்டும் செய்வேன். இந்த நேரத்துக்கு நான் உங்கள் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும். மகளே, படிச்சது போதும், எழுந்து கதவைத் திற.